அஞ்சறைப் பெட்டியும் ஏழு புலங்களும்

அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணெய் காய்வதற்குள் கடுகையும் உளுத்தம்பருப்பையும் சீரகத்தையும் கைபோன போக்கில் எடுத்துப் போடுகிற ஒரு பெண்மணியை அருகில் நின்று கவனித்தவர்களுக்கு, அந்தக் கிண்ணங்களில் ஒன்றின்மீதும் பெயர் எழுதி ஒட்டியிருப்பதில்லை என்ற விஷயம் எப்போதாவது மனத்தில் பட்டிருக்கும். பெயர் பெட்டியில் இல்லை. அவள் நினைவில் இருக்கிறது. நடுக்கிண்ணம் கடுகு, அதற்கு வலப்புறம் உளுந்து, அடுத்தது சீரகம், அதற்கும் அடுத்தது வெந்தயம் என்று ஸ்தானத்தை வைத்தே பொருளை அறிந்துகொள்ளும் அந்த ஏற்பாட்டில், வெந்தயம் தீர்ந்துபோன நாளில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை. காலியான கிண்ணம் காலியாகவே தன் இடத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள மிளகை அதில் கொட்டி, மிளகின் இடத்துக்குச் சோம்பை மாற்றி, வரிசையை நெருக்கி வைத்துவிடுவோம் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தால் மறுநாள் ரசத்தில் எதன் வாசனை வரும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

கணினியில் விவரங்களைச் சேமித்து வைக்கும் முறைகளுள் மிகவும் பழமையானதும், எத்தனையோ நவீன முறைகள் வந்த பிறகும் ஒழிந்துபோகாததுமாகிய உரைக்கோப்பு என்பது, ஏறக்குறைய இந்தப் பெட்டியின் தர்மப்படியே நடந்து வருகிறது. ஒரு வரிக்கு ஓர் ஆசாமி. அந்த வரிக்குள் அவரைப் பற்றிய சங்கதிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையிடையே ஒரு புள்ளியோ கோடோ இட்டுப் பிரிக்கப்பட்டு நிற்கும். ஒவ்வொரு சங்கதிக்கும் புலம் என்று பெயர். இது பெயர், இது முகவரி, இது வயது என்ற லேபிள்கள் கோப்பில் எங்கும் எழுதப்படுவதில்லை. அவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து, உரிய புலத்துக்கு எதிரே உரிய சொல்லை நிறுத்தி, மனிதர் படிக்கக்கூடிய வடிவில் அச்சிட்டுக் கொடுப்பது நிரலின் வேலை. சி மொழி கற்கப் புகுந்த மாணவர்களுக்கு முதல் சில வாரங்களுக்குள் கொடுக்கப்படும் பயிற்சிகளில் இது ஒன்று. பார்வைக்கு அரைப் பக்கம்கூட வராத இந்தப் பயிற்சிக்குள் எத்தனை குழிகள் இருக்கின்றன என்பதும், அவற்றுள் ஒன்றில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் விழுந்து எழுந்தன என்பதும் சுவாரசியமான விருத்தாந்தம்.

உதாரணத்துக்காக நான் ஒரு கோப்பைக் கற்பனை செய்யப்போவதில்லை. யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எந்த இயந்திரத்திலும், லினக்ஸ் ஓடுகிற எந்தச் சாதாரணக் கணினியிலும், எட்ஸி என்ற டைரக்டரிக்குள் பாஸ்வேர்ட் என்ற சொல்லின் நடு எழுத்துகளை விழுங்கிவிட்டுப் பெயரிடப்பட்ட ஒரு கோப்பு உண்டு. 1971 நவம்பரில் வெளியான யூனிக்ஸ் முதற்பதிப்பின் கையேட்டிலேயே அதைப் பற்றிய பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்து மர்ரே ஹில் என்னுமிடத்தில் இருந்த பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. சி மொழி இன்னும் முழுதாகப் பிறக்கவில்லை. அந்தக் கோப்பின் முதல் வரி இன்றைக்கு இப்படி இருக்கும். கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். உச்சரிப்பை மட்டும் நான் தமிழில் எழுதுகிறேன்.

ரூட்:எக்ஸ்:0:0:ரூட்:/ரூட்:/பின்/பாஷ்

நம் இலக்கணக்காரர்கள் முக்காற்புள்ளி என்று அழைக்கும் குறி இங்கே ஆறு இடங்களில் நின்று ஏழு புலங்களைப் பிரிக்கிறது. முதலாவது பயனரின் பெயர், இரண்டாவது கடவுச்சொல்லுக்கான இடம், மூன்றாவதும் நான்காவதும் பயனர் எண்ணும் அவருடைய குழுவின் எண்ணும், ஐந்தாவது முழுப்பெயர், ஆறாவது அவருடைய கோப்புகள் இருக்கும் வீடு, ஏழாவது, அவர் உள்ளே நுழைந்ததும் அவரோடு பேச வேண்டிய ஷெல் என்னும் நிரல். எவர்சில்வரில் வருகிற இக்காலத்து அஞ்சறைப் பெட்டிகளிலும் பெரும்பாலும் ஏழு கிண்ணங்களே இருக்கின்றன என்பது தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்த ஏழில் ஐந்தாவது புலத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. அதன் சம்பிரதாயப் பெயர் ஜீகாஸ் என்பது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் தங்கள் பெரிய கணினிகளுக்காகச் செய்த இயக்க முறைமையின் பெயர் அது. பெல் கூடத்து யூனிக்ஸ்காரர்கள் சில வேளைகளில் தங்கள் அச்சு வேலைகளை அந்தப் பெரிய இயந்திரத்துக்கு அனுப்பிவந்தார்கள். அனுப்பும்போது அனுப்புகிறவர் இன்னார் என்று காட்டும் அடையாள அட்டை ஒன்று முன்னால் போகவேண்டியிருந்தது. அந்த அட்டையில் எழுதவேண்டிய விவரத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று இந்தப் புலத்தை ஒதுக்கினார்கள். அது அவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு அன்று என்பதை ரிட்சியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பெரிய இயந்திரமும் போயிற்று, அந்தக் கம்பெனி தன் கணினி வியாபாரத்தை 1970இல் ஹனிவெல்லுக்கு விற்றுவிட்டு விலகியும் போயிற்று. புலம் மாத்திரம், குடியிருந்தவர் காலிசெய்த பிறகும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைபோல, இன்றளவும் அதே பெயரோடு இருந்து வருகிறது. ஸ்தானத்தை நம்பி அமைந்த வரிசையில் ஒன்றை எடுத்துவிடுவது அத்தனை எளிதன்று; எடுத்தால் பின்னால் இருப்பவை எல்லாம் நகர்ந்துவிடும்.

இனி நிரலுக்கு வருவோம். கோப்பைத் திறப்பது முதற்காரியம். எஃப்ஓப்பன் என்ற செயற்கூறிடம் கோப்பின் பெயரையும், படிக்கத்தான் போகிறோம் என்ற குறிப்பையும் கொடுத்தால் அது ஒரு பிடியைத் திருப்பித் தரும். கோப்பு இல்லாவிட்டாலோ படிக்க அநுமதி இல்லாவிட்டாலோ வெறுங்கையைக் காட்டும். அப்படிக் காட்டியதா என்று கேளாமலே அடுத்த வரிக்குப் போய்விடுவது கற்றுக்குட்டிகளின் வழக்கம்.

அடுத்தது ஒரு வரியைப் படிப்பது. சி மொழியில் சரம் என்பது முடிவில் ஒரு சுழியப் பைட்டை வைத்துக் கட்டிய எழுத்துவரிசை. அதைக் கொள்வதற்கு எத்தனை இடம் வேண்டும் என்பதை நாமே முன்கூட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். ஆதியில் இந்த வேலைக்குக் கெட்ஸ் என்று ஒரு செயற்கூறு இருந்தது. விசைப்பலகையிலிருந்தோ பிணையத்திலிருந்தோ வருகிற வரியை வாங்கி, நாம் காட்டுகிற இடத்தில் அது கொட்டும். ஆனால், அந்த இடம் எவ்வளவு பெரிது என்று அது கேட்பதே இல்லை. ஆழாக்குப் பாத்திரத்தை நீட்டினாலும் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே போகும் ஓர் உபகாரியை எண்ணிப் பாருங்கள். பின்னர் வழக்கில் உறுதிப்பட்ட எஃப்கெட்ஸ் என்பது அளவைக் கேட்டுக்கொண்டு, சுழியப் பைட்டுக்கு ஓர் இடத்தை மிச்சம் வைத்து, அதற்கு மேல் ஒரு பைட்டும் எழுதாமல் நிற்கும். அதற்கும் ஒரு சுபாவம் உண்டு: வரியின் கடைசியில் இருக்கும் வரிமுறிவுக் குறியையும் சேர்த்தே கொண்டுவரும். அதை நாம் கிள்ளி எறியாவிட்டால், ஏழாவது புலத்தின் வாலில் அது ஒட்டிக்கொண்டு, அச்சில் காரணமில்லாத ஒரு வெற்றுவரியாகத் தோன்றும்.

எல்லா வரிகளும் தீர்ந்துவிட்டன என்பதை அறிவது எப்படி என்ற கேள்வியில் அநேகர் இடறி விழுகிறார்கள். கோப்பு முடிந்ததா என்று கேட்பதற்கென்றே எஃப்இஓஎஃப் என்று ஒரு செயற்கூறு இருப்பதைக் கண்டவுடன், முடியாத வரையில் படித்துக்கொண்டிரு என்று சுழற்சியை அமைத்துவிடத் தோன்றுவது இயற்கை. ஆனால் அந்தச் செயற்கூறு வருங்காலம் அறிந்த ஜோசியர் அன்று. கரண்டி பாத்திரத்தின் அடியைத் தட்டி வெறுமையாக மேலே வந்த பிறகுதான் காலி என்று அதற்குத் தெரியும். கடைசி வரியைப் படித்து முடித்த நிலையில்கூட அது இன்னும் முடியவில்லை என்றே சொல்லும், நிரல் இன்னொரு முறை கரண்டியை விடும், ஒன்றும் வராது, பழைய வரி நினைவகத்தில் அப்படியே இருப்பதால் அதையே மறுபடியும் அச்சிட்டுவிடும். கடைசி ஆசாமிக்கு மட்டும் இரண்டு பிரதி கிடைக்கும். எஃப்கெட்ஸ் கொண்டுவந்ததா, வெறுங்கையோடு வந்ததா என்பதையே சுழற்சியின் நிபந்தனையாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வரியைப் புலங்களாக வெட்டுவதுதான் இந்தக் காரியத்தின் இருதயம். இதற்கு மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் கருவி ஸ்ட்ர்டோக் என்பது. அதனிடம் ஒரு வரியையும், எந்தக் குறியில் வெட்டவேண்டும் என்பதையும் கொடுத்தால், முதல் துண்டு எங்கே ஆரம்பமாகிறது என்று சுட்டிக்காட்டும். மறுபடி மறுபடி கேட்டால் அடுத்தடுத்த துண்டுகளைக் காட்டிக்கொண்டே வரும். அது வெட்டும் விதம் சற்று முரட்டுத்தனமானது. நகல் எடுத்துக்கொள்ளாமல், நாம் கொடுத்த வரியிலேயே முக்காற்புள்ளி இருந்த இடத்தில் சுழியப் பைட்டை எழுதிவிடும். வேலை முடிந்தபின் பழைய வரி கிடைக்காது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குணம் ஒன்று அதனிடம் இருக்கிறது. அதை நான் பாடப் புத்தகத்தில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தேன்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் பக்கத்து வாசகசாலை ஒன்றில் உறுப்பினர் பேரேட்டைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை அச்சிட்டுத் தரும் பொறுப்பை, அப்போதுதான் சி மொழி கற்றிருந்த உற்சாகத்தில் நான் வலிய ஏற்றுக்கொண்டேன். உறுப்பினர் எண், பெயர், முகவரி, தொலைபேசி, செலுத்தவேண்டிய பாக்கி என்று ஐந்து புலங்கள். நடுவே பிரிக்க ஒரு நெட்டுக்கோடு. டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி ஒரு மாலை முழுதும் கிறீச்சிட்டு அட்டைகளைத் தள்ளியது. மறுநாள் காலையில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் அட்டையை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏன் தம்பி, எனக்கு டெலிபோன் வந்துவிட்டதா?"

"இல்லையே, சார். ஏன் கேட்கிறீர்கள்?"

"தொலைபேசி 12.50 என்று போட்டிருக்கிறாயே. பன்னிரண்டரையைச் சுழற்றினால் யார் எடுப்பார்கள்?"

அது அவர் கட்டவேண்டிய அபராதப் பாக்கி. அக்காலத்தில் தொலைபேசி இல்லாத வீடுகளே அதிகமாதலால், அவருக்கு மட்டுமன்று, பாதிப் பேருக்குமேல் அந்த விபரீதம் நேர்ந்திருந்தது. கோப்பில் அவர் வரி சரியாகத்தான் இருந்தது: முகவரிக்குப் பின் ஒரு நெட்டுக்கோடு, தொலைபேசி இல்லாமையால் உடனே இன்னொரு நெட்டுக்கோடு, பிறகு பாக்கி. ஆனால் ஸ்ட்ர்டோக் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிரிப்புக் குறிகளை ஒன்றாகவே பாவிக்கும். வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிப்பதற்கு அது மிகப் பொருத்தமான குணம். இரண்டு சொற்களுக்கிடையே ஒருவர் மூன்று இடைவெளி விட்டுத் தட்டியிருந்தால் நடுவே இரண்டு வெறுஞ்சொற்கள் இருப்பதாக நாம் கொள்வதில்லை அல்லவா? ஆனால் ஸ்தானமே பொருளாக இருக்கும் வரிசையில் அதே குணம் நாசம் செய்துவிடும். வெந்தயக் கிண்ணம் காலியாக இருக்கிறதென்று மிளகை அதில் கொட்டுகிற காரியத்தைத்தான் என் நிரல் அத்தனை அட்டைகளிலும் செய்திருந்தது.

பாஸ்வேர்ட் கோப்பில் இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அதிகம் அலையவேண்டியதில்லை. லினக்ஸில் யூசர்ஆட் என்ற கட்டளையால், வேறெதுவும் சொல்லாமல், கெஸ்ட் என்று ஒரு பயனரைச் சேர்த்தால், முழுப்பெயர் கொடுக்கப்படாமையால் ஐந்தாவது புலம் காலியாக நிற்கும். இரண்டு முக்காற்புள்ளிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைக் காணலாம். ஏழு லேபிள்களை ஓர் அணியில் வரிசையாக வைத்துக்கொண்டு, ஸ்ட்ர்டோக்கால் வெட்டிய துண்டுகளுக்கு ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போகும் நிரல், இப்படி அச்சிடும்:

பயனர் பெயர் : கெஸ்ட்
கடவுச்சொல் : எக்ஸ்
பயனர் எண் : 1001
குழு எண் : 1001
முழுப்பெயர் : /ஹோம்/கெஸ்ட்
வீடு : /பின்/எஸ்ஹெச்
ஷெல் : (நல்)

முதல் நான்கு வரிகளும் பழுதற்றவை. ஐந்தாவதிலிருந்து எல்லாம் பொய். கடைசியில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் சொல், அச்சிடத் துண்டு ஏதும் மிஞ்சாத நிலையில் லினக்ஸின் நூலகம் தயை கூர்ந்து எழுதிய சமாதானம். வேறு சில இயந்திரங்களில் அந்த இடத்தில் நிரலே விழுந்துவிடும். என் அபிப்பிராயத்தில் விழுவதே மேல். விழுந்த நிரலைத் தூக்கிப் பார்ப்போம். தவறான லேபிளை நம்பிக்கையோடு அச்சிட்டுத் தரும் நிரலை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்? வாசகசாலையில் பிழை அகப்பட்டது, பன்னிரண்டரை ரூபாய் தொலைபேசி எண்ணைப்போல் இல்லாத காரணத்தால்தான். பாக்கி ஆறு இலக்கமாக இருந்திருந்தால் அந்த அட்டைகள் இன்றைக்கும் புழக்கத்தில் இருந்திருக்கும்.

வெற்றிடம் என்பது விவரம் இல்லாமை அன்று. அதுவும் ஒரு விவரம். பாஸ்வேர்ட் கோப்பின் கையேட்டைப் படித்தால் இது தெளிவாகும். ஏழாவது புலம் காலியாக இருந்தால் வழக்கமான ஷெல்லையே கொடு என்று பொருள். இரண்டாவது புலம் காலியாக இருந்தால், இவருக்குக் கடவுச்சொல்லே வேண்டாம், கேளாமல் உள்ளே விடு என்று பொருள். இதைவிடக் கனத்த செய்தியை எந்த எழுத்தால் சொல்லமுடியும்? அந்தக் காலியிடத்தை விழுங்கிவிட்டு, பயனர் எண்ணைக் கடவுச்சொல் என்ற லேபிளுக்கு எதிரே அச்சிடுகிற நிரல், வீட்டுக்கதவு திறந்து கிடக்கிறது என்ற தகவலையே மறைத்துவிடுகிறது.

இந்தக் குறையை நீக்குவதற்காகவே பர்க்லிப் பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் வழியில் ஸ்ட்ர்செப் என்ற செயற்கூறு வந்தது. இரண்டு குறிகள் ஒட்டி நின்றால், நடுவே ஒரு வெறுஞ்சரம் இருக்கிறது என்று அது மரியாதையாக எடுத்துக் கொடுக்கும். சி மொழியின் அதிகாரபூர்வமான தரத்தில் அதற்கு இடமில்லாதது வருந்தத்தக்கது. ஆயினும் வரியில் எழுத்தெழுத்தாக நடந்து போய், முக்காற்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் ஒரு புலம் முடிந்தது என்று கணக்கிடும் சுழற்சியை நாமே எழுதிக்கொள்வதில் பெரிய பிரயாசை ஒன்றும் இல்லை. பத்து வரிகூட ஆகாது. வெட்டி முடித்தபின் துண்டுகள் ஏழுதானா என்று எண்ணிப் பார்த்து, இல்லையென்றால் லேபிள் ஒட்டாமல், வரியின் எண்ணைச் சொல்லி முறையிடும்படி செய்துவிட்டால் நிரல் நாணயமுள்ளதாகும்.

புலங்களைப் படித்து லேபிளோடு காட்டுவதையே தொழிலாகக் கொண்டு புகழ்பெற்ற நிரல் ஒன்று உண்டு. விரல் என்று பொருள்படும் ஃபிங்கர் என்பது அதன் பெயர். ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் 1970களின் தொடக்கத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் அதை முதலில் எழுதினார். யார் யார் இப்போது கணினியில் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலில், சுருக்கெழுத்துகளின்மேல் விரலை ஓட்டித் தமக்கு வேண்டியவரை மக்கள் தேடுவதைக் கண்டு அவர் அப்பெயரை இட்டாராம். பர்க்லிக்காரர்கள் யூனிக்ஸுக்கு எழுதிய ஃபிங்கர், நாம் பார்த்த பாஸ்வேர்ட் கோப்பையே படித்து, புகுபெயர், வீடு, ஷெல் என்று லேபிளிட்டுக் காட்டியது. ஐந்தாவது புலத்துக்கு அவர்கள் வைத்த லேபிள்தான் என்னை மிகவும் கவர்ந்தது: நிஜ வாழ்க்கையில். கணினிக்குள் நான்கைந்து எழுத்துச் சங்கேதமாக நடமாடும் இவர் நிஜ வாழ்க்கையில் இன்னார் என்று சொல்லும் அந்த லேபிளை எழுதியவரிடம் நகைச்சுவை இருந்திருக்கிறது.

தூரத்து இயந்திரங்களிலிருந்து வரும் கேள்விகளுக்கும் ஃபிங்கர் பதில் சொல்லும்படி ஒரு துணைநிரல் இருந்தது. வருகிற கேள்வி ஒரு வரி. அதை வாங்குவதற்கு 512 பைட் இடம் ஒதுக்கி, வாங்கும் வேலையைக் கெட்ஸிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1988 நவம்பர் 2ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் எழுதிவிட்ட புழுநிரல், அந்த வாசலில் 536 பைட் நீளமுள்ள ஒரு வரியை அனுப்பியது. ஒதுக்கிய இடத்துக்கு அப்பால் வழிந்த 24 பைட்டுகள், நிரல் அடுத்து எங்கே போகவேண்டும் என்று குறித்துவைத்திருந்த இடத்தின்மேல் விழுந்து, வந்தவர் காட்டிய வழியில் அதைத் திருப்பிவிட்டன. ஏறக்குறைய 6000 இயந்திரங்கள் அகப்பட்டிருக்கும் என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். இந்தப் புழு செய்த இன்னொரு காரியம் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. உள்ளே புகுந்த இயந்திரத்தில் அது பாஸ்வேர்ட் கோப்பைத் திறந்து புலம் புலமாகப் படித்தது. கடவுச்சொல் வெறுமையா, பயனர் பெயரேதானா, ஐந்தாவது புலத்திலுள்ள முதற்பெயரா, கடைசிப் பெயரா, பயனர் பெயரைப் பின்னிருந்து படித்ததா என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. காலியிடத்தின் பொருள் அதற்குத் தெரிந்திருந்தது.

அந்த மாணவரின் தந்தையார், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் மாரிஸ், தாம்ஸனோடு சேர்ந்து அந்தக் கடவுச்சொல் புலத்தின் பாதுகாப்பைப் பற்றி 1979இல் பிரசித்தமான கட்டுரை ஒன்றை எழுதியவர். ஆதியில் யாரும் படிக்கும்படி பச்சையாக எழுதப்பட்டிருந்த கடவுச்சொல்லை உருமாற்றி வைக்கும் ஏற்பாட்டில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த உருமாற்றமும் காலத்துக்கு நிற்கவில்லை. பர்க்லியின் பழைய கோப்புகளில் தங்கியிருந்த தாம்ஸனின் கடவுச்சொல்லை 2019இல் ஆர்வலர்கள் உடைத்துப் பார்த்தபோது, அது சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் முதல் நகர்த்தலின் குறிப்பாக இருந்தது. இப்போதெல்லாம் உருமாற்றியதைக்கூட அந்தக் கோப்பில் வைப்பதில்லை. எக்ஸ் என்ற ஓரெழுத்து, சரக்கு வேறிடத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கிண்ணத்தில் கிடக்கிறது. கெட்ஸ் என்ற செயற்கூறோ, 2011இல் வந்த தரத்தில் சி மொழியிலிருந்தே நீக்கப்பட்டது.

அச்சிடும் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டியது குறைவு. ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதில் ஒரு பிரத்தியேக உபத்திரவம் இருக்கிறது. பிரிண்ட்எஃப் என்னும் செயற்கூறிடம், லேபிளுக்குப் பன்னிரண்டு இடம் ஒதுக்கி, இடப்புறம் ஒட்டி எழுது, மிச்சத்தை இடைவெளியால் நிரப்பு என்று கட்டளையிட்டால், ஆங்கில லேபிள்களுக்குப் பின்னே வரும் முக்காற்புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் ஒரே நேரில் நிற்கும். லேபிள்களைத் தமிழில் மாற்றியவுடன் வரிசை குடிகாரன் நடையாகிவிடும். காரணம், அந்தச் செயற்கூறு எண்ணுவது எழுத்துகளை அன்று, பைட்டுகளை. 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு எழுத்து மூன்று. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் கொக்கி, ழ, மேற்புள்ளி என்று ஐந்து. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் ஆவதால் மொத்தம் 15. பன்னிரண்டைத் தாண்டிவிட்டதே, இனி இடைவெளி எதற்கு என்று பிரிண்ட்எஃப் சும்மா இருந்துவிடுகிறது. பத்துக்கு மேல் அச்சிடாதே என்று வரம்பு கட்டினாலோ இன்னும் மோசம்: 'தமி' வரையில் ஒன்பது பைட் போக, ழகரத்தின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அறுத்தெடுத்து வைக்கும், திரையில் அது ஒரு கேள்விக்குறிக் கட்டமாக முழிக்கும்.

வெட்டுகிற வேலையிலோ தமிழுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. யூடிஎஃப்-8இல், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய 128க்குக் கீழ்ப்பட்ட எண்கள் வேறெந்த மொழி எழுத்தின் உள்ளுறுப்பாகவும் வரமாட்டா. ஆகையால் 58 என்ற எண்ணுடைய முக்காற்புள்ளி ஒரு தமிழ் எழுத்தின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்து நிரலை ஏமாற்ற வழியில்லை. தமிழ் என்றொரு மொழி இருப்பதையே எண்ணாமல் எழுதப்பட்ட ஒரு பழைய சுழற்சி, தமிழ்ப் பெயர்கள் நிறைந்த கோப்பை ஓர் எழுத்தும் சிதையாமல் வெட்டித் தரும். இந்த நயமான ஏற்பாட்டை 1992இல், நியூஜெர்ஸியில் ஓர் உணவு விடுதியில் இரவுச் சாப்பாட்டின்போது, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் வரைந்து வகுத்தவர்கள் ராப் பைக்கும் கென் தாம்ஸனும். முக்காற்புள்ளியால் பிரிந்த அந்தக் கோப்பு பிறந்தபோது உடனிருந்த அதே தாம்ஸன்.

வாசகசாலை அட்டைகளை நான் மறுவாரம் திருத்தி அச்சிட்டுக் கொடுத்தேன். ஸ்ட்ர்டோக்கை நீக்கிவிட்டு என் கைச் சுழற்சியைப் போட்டிருந்தேன். தமிழாசிரியரின் பாக்கி பாக்கிக்கு எதிரே வந்துவிட்டது. தொலைபேசிக்கு எதிரே ஒன்றுமில்லை. அட்டையை வாங்கிய பெரியவர் அந்த வெற்றிடத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு காலத்தில் எத்தனையோ விடைத்தாள்களைத் திருத்திய அந்தச் சாய்ந்த கையெழுத்தில், அங்கே 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

"காலியாக விட்டால், எழுத மறந்துவிட்டாய் என்று நினைப்பார்கள், தம்பி."

அன்று மாலையே நிரலில் ஒரு வரியைச் சேர்த்தேன்.